என் பெயரில் இடிகிற கட்டடங்கள்

ஊருக்குப் போனால் முதல் இரண்டு நாள் இந்தக் கேள்வியிலேயே கழியும்.

"சிங்கப்பூர்ல என்ன வேலை மாப்ளே?"

"கட்டடம் இடிக்கிற கம்பெனியில இன்ஜினியர் மாமா."

"கட்டுறதுக்கு இன்ஜினியர் வேணும், சரி. இடிக்கிறதுக்கு எதுக்குய்யா?"

மாமாவைக் குறை சொல்ல முடியாது. புதுக்கோட்டையில் எங்கள் தெருவில் ஒரு பழைய மெத்தை வீட்டை இடித்ததைச் சின்ன வயதில் நானே வேடிக்கை பார்த்திருக்கிறேன். ஆறு பேர், கடப்பாரை, சம்மட்டி, ஒரு வடக்கயிறு. இடிக்க வந்தவரே வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்தார். தேக்குக் கதவு, நிலை, உத்திரம், கல்தூண் எல்லாம் அவருக்கு. பத்து நாளில் தரைமட்டம். யாரும் யாரிடமும் காகிதம் கேட்டதாக நினைவில்லை.

மாமாவின் அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும். "மௌலிவாக்கத்துல வெச்ச மாதிரி வெடி வெப்பீங்களோ?" 2014 ஜூன் 28 அன்று சென்னைக்கருகே அந்த ஊரில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்திலேயே நின்ற அதன் ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்து இறக்கினார்கள். அதை டி.வி.யில் பார்த்தவர்களுக்கு இடிப்பு என்றால் அந்தச் சில நொடிதான்.

நான் பார்க்கும் வேலையில் அந்தச் சில நொடி கிடையாது. சிறிய எக்ஸ்கவேட்டரை (நம்ம ஊர் பொக்லைனின் தம்பி) கிரேனால் தூக்கி மொட்டைமாடியில் வைப்போம். அது தான் நிற்கிற மாடியையே கொறித்துக்கொண்டு, இடிபாட்டுச் சரிவு வழியாக அடுத்த மாடிக்கு இறங்கும். அங்கிருந்து அதற்கடுத்த மாடி. மாதக்கணக்கில் இப்படியே போகும். பக்கத்துக் கட்டடத்தில் ஆபீஸ் நடந்துகொண்டிருக்கும், கீழே பஸ் போகும். நடுவில் வலையும் சாரமும் ஒலித்தடுப்புப் பலகையும்தான். வேடிக்கை பார்க்க ஒருவரும் நிற்க மாட்டார்கள், அவ்வளவு மெதுவான வேலை.

இந்த மெதுவான வேலையைச் செய்ய என்னென்ன வேண்டும் என்று கேட்டுப் பல தம்பிகள் எழுதுகிறார்கள். சிலர் வேலையாட்களாக வந்து இருபது வருடம் உழைத்து, இப்போது சொந்தமாகக் கம்பெனி ஆரம்பிக்க நினைப்பவர்கள். அவர்களுக்காகத்தான் இந்த நீளமான பதிவு. காபி எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சிங்கப்பூரில் 'இடிப்பு உரிமம்' என்று தனியாக ஒன்று கிடையாது. கட்டட, கட்டுமான ஆணையம், அதாவது நாம் எல்லாரும் சொல்கிற பி.சி.ஏ., 2009 ஜூனிலிருந்து கட்டுநர்களுக்கு உரிமம் வழங்குகிறது. அதில் 'சிறப்புக் கட்டுநர்' என்ற வகை உண்டு. அஸ்திவாரப் பைல் அடிப்பவர், மண் பரிசோதிப்பவர், இரும்புக் கட்டமைப்பு செய்பவர், ப்ரீகாஸ்ட் கான்கிரீட் போடுபவர் எல்லாம் அந்தப் பட்டியலில் வருவார்கள். இடிப்பவர் வரமாட்டார். இடிப்பு பொதுக் கட்டுநர் உரிமத்துக்குள்ளேயே அடக்கம். எனக்கு இது இன்றுவரை உறுத்தல்தான். ஒரு 20 மாடியை நகரத்தின் நடுவில் பத்திரமாக இறக்குவது மண் பரிசோதனையைவிடச் சிறப்பில்லாத வேலையா? ஆணையம் என்னைக் கேட்டுச் சட்டம் போடவில்லை.

பொதுக் கட்டுநரில் இரண்டு வகுப்பு. இரண்டாம் வகுப்புக்காரர் 60 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைதான் வேலை எடுக்கலாம், கம்பெனிக்குச் செலுத்திய மூலதனம் 25,000 வெள்ளி போதும். முதல் வகுப்புக்கு வரம்பில்லை, மூலதனம் 3 லட்சம் வெள்ளி. அரசாங்க டெண்டர் எடுக்கவேண்டுமென்றால் இது தவிர ஒப்பந்தக்காரர் பதிவேட்டில் இடிப்புக்கென்று உள்ள 'சி.ஆர். 03' என்ற தலைப்பிலும் பதிய வேண்டும். அந்தப் பதிவுக்கு மூன்று வருட ஆயுள்.

பணத்தைப் புரட்டிவிடலாம். புரட்ட முடியாதது இரண்டு ஆட்கள். ஒருவர் 'அப்ரூவ்டு பெர்சன்', ஏ.பி. என்போம். கம்பெனி நிர்வாகத்துக்குப் பொறுப்பு, பெரும்பாலும் முதலாளியே. இன்னொருவர் 'டெக்னிக்கல் கன்ட்ரோலர்', டி.சி. கம்பெனி செய்யும் வேலை ஒவ்வொன்றையும் நேரடியாக மேற்பார்வை செய்யவேண்டியவர். முதல் வகுப்பு உரிமம் என்றால் டி.சி.க்குக் கட்டுமானம் சார்ந்த பட்டமும் அதற்குப்பின் குறைந்தது ஐந்து வருடக் களப் பழக்கமும் வேண்டும். ஒரு கம்பெனியில் ஏ.பி.யாகவோ டி.சி.யாகவோ இருப்பவர் வேறொரு கம்பெனிக்கு அந்தப் பொறுப்பில் இருக்க முடியாது. இவர்களில் ஒருவர் விலகினால் உரிமம் ஒற்றைக் காலில் நிற்கும்.

எங்கள் கம்பெனியில் அது நடந்தது. நான் வந்து ஒன்பதாவது வருடம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், எங்கள் டி.சி. ராஜினாமாக் கடிதத்தை பாஸ் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மலேசியாவில் சொந்தத் தொழில் பார்க்கப் போகிறாராம். கையில் மூன்று சைட் ஓடிக்கொண்டிருந்தது. உரிமத்தைப் புதுப்பிக்கவும் நான்கு மாதம்தான் பாக்கி. பாஸ் அறுபதைத் தாண்டிய சீனர், லாரி ஓட்டி முன்னுக்கு வந்தவர். என்னைக் கூப்பிட்டு, தேநீர் ஊற்றிக் கொடுத்து, நீ கையெழுத்துப் போடுகிறாயா என்று கேட்டார். அவர் எனக்குத் தேநீர் ஊற்றியது அதுதான் முதல் தடவை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஃபாரம் நிரப்புவது பெரிய வித்தை இல்லை. பட்டச் சான்றிதழைத் தேடி அம்மா பீரோவையே கவிழ்த்துப்போட்டார். எந்தெந்த வேலையில், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, என்ன பொறுப்பில் இருந்தேன் என்று ஒவ்வொன்றுக்கும் கடிதம் வாங்கவேண்டியிருந்தது. முந்தைய கம்பெனிக்காரன் ஒருவன் இழுத்துவிட்டான், இழுத்துவிட்டான், அப்படி இழுத்துவிட்டான். இங்கே வேலை பார்க்கும் பொறியாளர் தம்பிகளே, ஒரு கம்பெனியைவிட்டுக் கிளம்பும் அன்றைக்கே இந்தக் கடிதத்தை வாங்கிவிடுங்கள். கிளம்பிய பிறகு நீங்கள் யாரோ, அவர்கள் யாரோ.

பெயர் பதிவான இரண்டு மாதத்தில் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று ஒருவர் வந்து உட்கார்ந்தார். புதுக் கம்பெனி ஆரம்பிக்கிறாராம். "அண்ணே, நீங்க சைட்டுக்கே வர வேண்டாம். இப்ப இருக்குற எடத்துல விலகிட்டேன்னு ஒரு லெட்டர் குடுத்துட்டு, பேரை மட்டும் நம்மகிட்ட போட்டுக்குங்க. மாசம் பொறந்தா பணம் வீட்டுக்கு வந்துடும்." அவர் சொன்ன தொகை என் சம்பளத்தில் முக்கால்வாசி. பொய் சொல்லமாட்டேன், பிரியாணி முடியும்வரை யோசித்தேன்.

வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் நேர்மை மட்டும் இல்லை. அந்த வாரம்தான் நான் ஒரு கணக்குப் போட்டுப் பயந்துபோயிருந்தேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2.4 டன். உடைத்துக் கொட்டினால் இடைவெளி விழுந்து பரவும், அப்போதும் கன மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளலாம். பழைய அடுக்குமாடி வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கூடுதல் சுமை தாங்கும் கணக்கில் கட்டியிருப்பார்கள். ஆபீஸ் தளம் என்றால் 250 கிலோ. இப்போது அந்தத் தளத்தில் இடிபாடு வெறும் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு, முழங்காலுக்கும் கீழே, சேர்ந்திருக்கிறது. சதுர மீட்டருக்கு 450 கிலோ. அதன்மேல் டன்கணக்கில் கனக்கும் இயந்திரமும் ஏறி நின்று குத்துகிறது. கட்டியவர் மேசை, நாற்காலி, மனிதர்களுக்குக் கணக்குப் போட்டார். நாங்கள் அவருடைய கணக்கில் இல்லாத பாரத்தை ஏற்றிக்கொண்டே அவர் போட்ட தூண்களையும் அறுக்கிறோம்.

அதனால்தான் கீழே இரண்டு மூன்று மாடிக்கு இரும்பு ப்ராப் நிறுத்துகிறோம். ஊரில் சவுக்குக் கம்பு முட்டு கொடுப்பார்களே, அதே வேலைதான். அதனால்தான் லிஃப்ட் குழி வழியாக இடிபாட்டை உடனுக்குடன் தள்ளவேண்டும். எங்கள் சூப்பர்வைசர் அண்ணன் மன்னார்குடிக்காரர், இருபத்திரண்டு வருடம் இதே தொழில். கணக்கெல்லாம் போட மாட்டார். தன் பூட்ஸைத்தான் காட்டுவார். "தம்பி, பூட்ஸு முழுகுச்சுன்னா மெஷினை நிறுத்திடணும்." அந்த பூட்ஸ் என் கால்குலேட்டரோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது.

இந்தக் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்குத் தேக்காவிலிருந்து தூரம் போகவேண்டியதில்லை. சிராங்கூன் சாலையிலேயே, ஓவன் சாலை முனையில், ஹோட்டல் நியூ வோர்ல்டு இருந்தது. 1986 மார்ச் 15 அன்று ஆறு மாடியும் ஒரு நிமிடத்துக்குள் உட்கார்ந்துவிட்டது. 33 பேர் இறந்தார்கள், 17 பேரை உயிரோடு மீட்டார்கள். விசாரணையில் தெரிந்த காரணம் நம்பக் கஷ்டமானது: வடிவமைப்பில் கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்கவில்லை. மொட்டைமாடி ஏ.சி. சாதனம், பாங்க் பெட்டகம், வெளிச்சுவர் டைல்ஸ் எல்லாம் பிறகு சேர்ந்த பாரம். அந்த விபத்துக்குப் பிறகுதான் 1989இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஒரு பொறியாளர் போட்ட கணக்கை அவருக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு பொறியாளர் சரிபார்க்கவேண்டும் என்ற முறையும் அதோடு வந்தது. இன்று நான் ஓர் இடிப்புத் திட்டத்தோடு அனுமதிக்கு நிற்கும்போது தொழில்முறைப் பொறியாளரின் முத்திரை கேட்கிறார்கள் என்றால் அதற்கு அந்த முனைதான் காரணம். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது இப்போதும் தலை தானாகத் திரும்பும்.

உரிமம் வாங்குவது ஒரு தரம். அதைக் காப்பாற்றுவது தினமும் காலை ஏழரைக்குத் தொடங்கும்.

வேலையிடப் பாதுகாப்பு விதிகளில் 'அதிக ஆபத்துள்ள கட்டுமானப் பணி' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஒன்றரை மீட்டருக்கு மேல் தோண்டுவது, பைல் அடிப்பது, சுரங்கம் குடைவது, கிரேனால் பாரம் தூக்குவது, அவற்றோடு இடிப்பதும். இவற்றில் எதையும் 'பெர்மிட்-டு-வொர்க்' இல்லாமல் தொடக்கூடாது. சூப்பர்வைசர் விண்ணப்பிப்பார், பாதுகாப்பு மதிப்பீட்டாளர் இடத்தை நேரில் பார்த்துச் சரிபார்ப்பார், புராஜெக்ட் மேனேஜர் கையெழுத்திடுவார். பிறகு அதன் நகலை வேலை நடக்கும் இடத்தில் மாட்டவேண்டும். மூன்று கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே மேசையில் விழுகிற சைட்டுகளும் எனக்குத் தெரியும். ஏ.சி. கன்டெய்னருக்குள் உட்கார்ந்து எட்டாவது மாடிச் சுவர் ஸ்திரமாக இருக்கிறது என்று டிக் அடிப்பார்கள். இன்ஸ்பெக்டர் வந்து, "இந்தச் சுவரா?" என்று விரல் நீட்டும்போதுதான் மூன்று பேரும் அந்தச் சுவரை முதன்முதலாகப் பார்ப்பார்கள்.

சுவர் என்றதும் சொல்லிவிடுகிறேன். தளத்தையும் குறுக்குச் சுவரையும் எடுத்துவிட்டு வெளிச்சுவரை மட்டும் தனியாக நிற்கவிட்டால் அதைப்போல மோசமான பொருள் சைட்டில் வேறில்லை. காற்று போதும். சாயங்காலம் வேலை முடியும்போது அப்படி ஒரு சுவர்கூட மிச்சம் நிற்கக்கூடாது. நின்றால் கட்டிவைக்க வேண்டும், கீழே ஆள் போகாமல் மறிக்க வேண்டும். 2023 ஜூன் 15 அன்று தஞ்சோங் பகாரில் 38 மாடி ஃபியூஜி ஜெராக்ஸ் டவர்ஸை இடித்துக்கொண்டிருந்தபோது ஒரு சுவர்ப் பகுதி விழுந்தது. மீட்புப்படை மோப்ப நாய்களோடு பல மணி நேரம் தேடியது. இடிபாட்டுக்குள் கிடைத்தது இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த ஒரு பையனின் உடல். வயது 20. அன்றிரவு எங்கள் டார்மெட்ரியில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை டூல்பாக்ஸ் கூட்டத்தில், அதாவது வேலைக்கு முந்தைய பாதுகாப்புப் பேச்சில், சூப்பர்வைசர் அண்ணன் வழக்கமான எதையும் பேசவில்லை. எல்லாரையும் கூட்டிக்கொண்டு மாடிமாடியாக ஏறி, நிற்கிற சுவரையெல்லாம் எண்ணவைத்தார்.

அதற்கு முந்தைய வருடம், 2022இல், சிங்கப்பூரில் வேலையிடங்களில் 46 பேர் இறந்திருந்தார்கள். அந்த வருடமே மனிதவள அமைச்சு 'உயர்பாதுகாப்புக் காலம்' என்று அறிவித்துக் கெடுபிடியைக் கூட்டியது. 2023இல் எண்ணிக்கை 36 ஆனது. 2024 ஜூனிலிருந்து விதிமீறலுக்கான உச்ச அபராதம் 20,000 வெள்ளியிலிருந்து 50,000 ஆனது. ஒப்பந்த மதிப்பு 50 லட்சம் வெள்ளியோ அதற்கு மேலோ உள்ள சைட்டுகளில் கேமரா கட்டாயம். பாஸுக்கு அபராதத்தைவிடப் பயம் தருவது குறைபாட்டுப் புள்ளிகள். 18 மாதத்துக்குள் 25 புள்ளி சேர்ந்தால் மூன்று மாதத்துக்குப் புது வெளிநாட்டு ஆள் எடுக்க முடியாது. புள்ளி ஏற ஏற தடையும் நீளும். தமிழ்நாட்டையும் பங்களாதேஷையும் நம்பி ஓடுகிற தொழிலில் அது கழுத்தைப் பிடிப்பது மாதிரி. அதைத்தான் பிடிக்கவேண்டும் என்று அமைச்சுக்குத் தெரிந்திருக்கிறது, கெட்டிக்காரர்கள்.

உரிமத்தைக் காப்பாற்றுவதில் பாதி வேலை எக்ஸெல் ஷீட்தான், யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். எங்களிடம் நாற்பத்து மூன்று பேர். கட்டுமானப் பாதுகாப்பு அறிமுகப் பயிற்சித் தேர்வை ஆறு வருடம் வரை தொழிலில் இருப்பவர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதைத் தாண்டியவர் நான்கு வருடத்துக்கு ஒருமுறையும் எழுதிப் புதுப்பிக்கவேண்டும். தமிழிலேயே நடக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒருவருடைய தேதி தவறினால் அவருடைய வொர்க் பெர்மிட் (வெளிநாட்டு ஆளின் வேலை அனுமதி) புதுப்பிப்பு நிற்கும். அது போக எக்ஸ்கவேட்டர் ஓட்டுநர் சான்று, தரைக்கடியில் மின்கம்பி கண்டுபிடிப்பவரின் உரிமம், கிரேன் சோதனைத் தேதி, இன்ஷூரன்ஸ். சிவப்புக் கட்டம் வந்தால் எனக்கு இரவு தூக்கம் வராது. என் மனைவி அந்த ஷீட்டுக்கு 'சின்னவீடு' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

பழைய கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் இன்னொரு தலைவலி. 1991க்கு முன் கட்டியது என்றால் இடிப்பதற்கு முன்பே ஆய்வு செய்யவேண்டும். இருந்தால் அதை எடுக்க அங்கீகாரம் பெற்ற வேறு ஒப்பந்தக்காரர், வேறு உடுப்பு, அமைச்சுக்கு முன்கூட்டியே அறிவிப்பு. நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்போம்.

எங்களுக்கு ஒரே ஒருமுறை வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. சுவர் விழுந்து அல்ல, கொசுவால். தூசு பறக்கக்கூடாது என்று நாள் முழுக்கத் தண்ணீர் பீய்ச்சுகிறோமா? அந்தத் தண்ணீர் பாதி இடிந்த தளத்துக் குழிகளில் தேங்கும். டெங்கி ஊர் இது. சுற்றுச்சூழல் வாரிய அதிகாரி வந்து, ஒரு கரண்டியால் அள்ளி, டார்ச் அடித்துக் காட்டினார். நெளிந்துகொண்டிருந்தன. தூசைக் கட்டுப்படுத்தியதற்குப் பாராட்டும் கொசுவை வளர்த்ததற்குத் தடையும் ஒரே நாளில் வாங்கிய கம்பெனி நாங்களாகத்தான் இருப்போம். இப்போது தண்ணீர் பீய்ச்ச ஒருவர், துடைக்க ஒருவர். சம்பளம் இருவருக்கும்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. "வீட்டுச் சுவர் ஒண்ணை ஹேக் பண்ணணும், உங்க ஆளுங்க ஒரு சண்டே வருவாங்களா?" என்று எனக்கு மாதம் ஒரு போனாவது வரும். வர மாட்டார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு என்றால் சுவர் தட்ட வீவக அனுமதி வேண்டும், அவர்கள் பட்டியலில் உள்ள புதுப்பிப்பு ஒப்பந்தக்காரர்தான் செய்யவேண்டும். வீட்டுக்குள் இருக்கும் வெடிகுண்டுப் பதுங்கறைச் சுவரை எவரும் தொடக்கூடாது. அது ஸ்டோர் ரூம் மாதிரி இருக்கிறதே என்று கேட்காதீர்கள். அது மாடிக்கு மாடி ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிற கோபுரம், உங்கள் வீட்டுப் பங்கு அதில் ஒரு கட்டம்தான்.

போன மாதம் என் பெயரில் உரிமம் மறுபடி புதுப்பித்து வந்தது, அடுத்த மூன்று வருடத்துக்கு. பாஸ் இந்த முறை தேநீர் ஊற்றவில்லை, சம்பளம் ஏற்றினார். தேக்காக் கடையில் வந்த அந்த ஆள் வேறு யாரையோ பிடித்துக் கம்பெனி ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி. அவருடைய டி.சி. யாரென்று தெரியாது. அந்த மனிதரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன்: அண்ணே, ஒருநாள் சைட்டுக்குப் போய்ப் பாருங்கள். உங்கள் பெயரில் எந்தச் சுவர் நிற்கிறது என்றாவது தெரியும்.

ஊரிலிருந்து இடிப்புக் கம்பெனிக்கு வரப்போகிற தம்பிகள், முதல் நாளே ஒன்று செய்யுங்கள். படிக்கட்டோரம் பெர்மிட் மாட்டிய பலகை இருக்கும். அதில் இன்றைய தேதியும் நீங்கள் ஏறப்போகிற மாடியும் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கிலீஷ் புரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். இல்லையென்றால் ஏறாதீர்கள். கேட்டால், இன்ஜினியர் கையெழுத்துக்குக் காத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள்.